ஒரே பாரனிக்காரர்கள்

சனி இரவு, அஜ்மான்

அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு லீவு தர வேண்டிய மேனேஜர் அயர்லாந்துக்காரர். கீழ்வீட்டுக்காரரும் அவருடைய 'பாரனி'தானாம்; நம் தாலுகா போல ஒரு பழைய பிரிவு. ஊர்க்காரர்களைச் சேர்த்துவைத்தால் மேனேஜர் மனம் குளிருமே என்று இருவரையும் விருந்துக்கு அழைத்தேன்.

"ஓடைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார் மேனேஜர்.

"மேற்கே" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

அவ்வளவுதான். மேற்கே வேறு தேவாலயப் பங்காம், பரம்பரைப் பந்தாட்டப் பகையாம். பிறகு கரண்டிச் சத்தம் மட்டும்தான். "லீவைப் பற்றித் திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் கிளம்பினார்.

"ஒரு ஓடைக்காடி இவ்ளோ சண்டை?" என்று கணவர் சிரித்தார்.

"ஆத்துக்கு அந்தாண்ட ஊருன்னுதானே நீங்களும் எங்கண்ணன் வீட்டுக்கு வரமாட்டேங்கிறீங்க?"

அவர் எச்சில் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

"அந்த மேனேஜர் பக்கமும் நியாயம் இருக்குடி."