மூன்றாம் முறை ரசம்

யுவ வருஷம், வைகாசி, வெள்ளி இரவு.

இன்று திருச்செங்கோட்டுக் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்ததும் என்னால் எழ முடியவில்லை. முழங்கால் நிமிரவில்லை. யாருக்கும் தெரியக்கூடாதென்று மூன்றாம் முறை ரசம் கேட்டேன். பக்கத்து இலையில் இருந்த என் ஓரகத்தி பாவாயி, என் வயதுக்காரி, கை ஊன்றாமல் எழுந்து நின்றாள்.

"கையக் குடுங்கக்கா, தூக்கி உடறேன்" என்றாள், பந்தியே கேட்க.

"எனக்கின்னும் பசி அடங்குலே. நீ போ."

பந்தி காலியான பிறகு தூணைப் பிடித்து எழுந்தேன்.

அவள் இன்றும் தானே தண்ணீர் சேந்துகிறாள், களை எடுக்கிறாள். ஆள் வைக்க வக்கில்லாதவள் என்று இத்தனை வருஷம் சிரித்தேன். இப்போது அவள் முழங்காலைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

சற்றுமுன் கதவைத் தாழிட்டு, அவளைப்போல் எழுந்து பார்க்கலாமென்று தரையில் உட்கார்ந்தேன். இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன். கூப்பிடலாம். கூப்பிட்டால் அடுத்த வீட்டிலிருந்து முதலில் ஓடி வருபவள் பாவாயிதான்.