சிவப்புத் துணியை வெளியே கட்டு

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே உன் சுகத்தை இனி உன்னிடம் கேட்கப் போவதில்லை, உன் மகளிடம் கேட்டுக்கொள்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் நல்ல சேதி. அண்ணன் மகள் நீச்சலில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்து கோப்பை வாங்கினாள், அது இப்போது நம் ரேடியோவின் தலையில் உட்கார்ந்திருக்கிறது, அப்பா தானே நீந்தி வாங்கியது போல வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். அவள் தம்பி, நம் உருளை, ஒருவழியாகக் கணக்கில் தேறிவிட்டான், வாத்தியாரே நம்பாமல் இரண்டாம் தரம் கூட்டிப் பார்த்தாராம். அக்கா மகனுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, முதல் காரியமாக எனக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தான். உன் வாயாடி பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய படம் வந்தது, நாலு வீட்டுக்குக் காட்டிவிட்டேன். அதே உறையில் உன் புது கிக் பாக்சிங் வகுப்புப் படமும் இருந்தது. அதைத்தான் புதுக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.

வலது காலை முன்னால் வைத்து நிற்கிறாய். சின்ன வயதிலிருந்து இடது கால் முன்னால், வலது கால் பின்னால் என்று நின்றவள், கராத்தே மாஸ்டர் மாற்றி நில் என்று கெஞ்சியும் மாற்றாத பிடிவாதக்காரி, இப்போது இடது காலைத் திருட்டுப் பொருள் மாதிரி பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் நீ நிற்பதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். உடனே வாயாடிக்குப் போன் போட்டேன். "பாட்டி, அம்மா மாடிப்படியில நண்டு மாதிரி பக்கவாட்டுல இறங்குறாங்க, முட்டியில பட்டை போட்டு அது மேல பேண்ட் போட்டுக்கிறாங்க, யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க, நீங்க யாரோ இல்லையே" என்றாள். அவளாவது என் ரத்தம்.

நர்ஸ் வேலைக்காக ஊர் மாறியது உன் தப்பில்லை. இங்கே கராத்தே இருந்தது, படித்தாய். அடுத்த ஊரில் அது இல்லை, ஜூடோவுக்குப் போனாய், இப்போது இருக்கும் ஊரில் அதுவும் இல்லை, கிக் பாக்சிங்தான் இருக்கிறது என்றாய். கிடைத்ததையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டாயே என்று நான் மார்தட்டாத இடமில்லை. ஜூடோவில் ஆளைத் தூக்கித் திரும்பும்போது இடது முட்டி ஜவ்வு கிழிந்தது, அதற்கும் நான் உன்னைத் திட்டவில்லை. ஒற்றைக் காலில் நின்று திரும்பக் கூடாது என்று டாக்டர் என் காதுபடத்தானே சொன்னார்? வலது காலால் உதைக்க இடது கால் திரும்பாமல் முடியுமா? இது ஒன்றும் தெரியாத பயிற்சியாளரிடம் போய், எல்லாரையும் போல என்னையும் உதைக்க விடுங்கள் என்று வரிசையில் நின்றிருக்கிறாய். கேட்டதற்குப் போனில் என்ன சொன்னாய்? "புது இடம்மா, வந்ததுமே முட்டி வலின்னா ஓரமா உட்கார வெச்சிடுவாங்க." உட்கார்ந்தால் என்னடி? நீ படித்த காலம் முழுக்க நான் அந்தக் கராத்தே ஹாலின் ஓரப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன், தேய்ந்தா போய்விட்டேன்?

நம் ஹாலில் யாருக்கு எங்கே அடிபட்டாலும் உடுப்புக்கு மேலே அந்த இடத்தில் சிவப்புத் துணி கட்டுவார்கள், எதிரே நிற்பவர் அங்கே கை கால் வைக்கக் கூடாது. பழைய ஜன்னல் திரையை வெட்டி ஓரம் தைத்துக் கொடுத்தவளே நான்தான். கருப்புப் பெல்ட் வாங்கிய அன்று நீயே மணிக்கட்டில் சிவப்போடு நின்றாய், ஒருவர் சிரித்தாரா? வாயாடி சொன்னாள், இப்போது வகுப்பில் உன்னோடு ஜோடி சேர்ந்த தபால்காரி, தெரியாமல் அதே முட்டியில் உதைத்துவிட்டாளாம். மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்று அழுதாளாம். நீ அப்போதும் "வழுக்கிடுச்சு, அவ்வளவுதான்" என்று சிரித்து அனுப்பினாயாம். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் முட்டி உன்னுடையது, அவள் மனசு உன்னுடையதா? செய்யாத பாவத்தை அவள் தலையில் கட்டிவிட்டு அவள் கொடுத்த பழத்தை வேறு தின்றிருக்கிறாய். அந்த முட்டி முழுசாகப் போனால் ஆஸ்பத்திரியில் நோயாளியை எப்படிப் புரட்டுவாய், நர்சம்மாவையே நாலு பேர் சேர்ந்து புரட்ட வேண்டியதுதான்.

விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். கராத்தேயின் கை உன்னிடம் இருக்கிறது, ஜூடோ உனக்குப் பிடிக்கவும் விழவும் கற்றுக் கொடுத்தது, இங்கே குத்துகிற கையைப் படி, உதையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். எதைச் சேர்க்கலாம் எதைத் தள்ளலாம் என்று முட்டி டாக்டரிடமும் பயிற்சியாளரிடமும் வாயைத் திறந்து கேள். ஒத்துவராது என்று பயிற்சியாளர் சொன்னால் இதையே சொல்லித்தரும் வேறு வகுப்பைப் பார், இதற்காக ஊரையா மாற்றப் போகிறாய், தெருவைத்தானே.

நீயும் மாப்பிள்ளையும் வாயாடியும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. திரைத்துணியில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது, ஓரம் தைத்து இதற்குள் வைத்திருக்கிறேன். அதை இடது முட்டியில் பேண்டுக்கு மேலே கட்டிக்கொண்டு புதுப் படம் ஒன்று எடு. ஒரு பக்கம் பயிற்சியாளர் நிற்கட்டும், மறு பக்கம் அந்தத் தபால்காரி நிற்கட்டும். விஷயம் தெரிந்து நிற்கிறாளா, தெரியாமல் நிற்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். போனில் அனுப்பாதே. உறையில் போட்டு அவள் கையிலேயே கொடு.

இப்படிக்கு,
அந்தப் படம் வரும்வரை கோபம் ஆறாத
உன் அம்மா