படிவத்தில் மூன்று அப்பா, நான்கு அம்மா

அன்பு மகள் லோம்பேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் கொஞ்சம் முனகுகிறது. நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நானும் சேர்ந்து அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கோபன்ஹேகனுக்குப் பயிற்சிக்கு வரும் நம் கல்லூரி ஆசிரியரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவர் பெட்டியில் உனக்கு ஒரு பொட்டலம் காபென்டா கருவாடு இருக்கிறது, நீயாகக் கேட்டு வாங்கிக்கொள், அவர் மறதிக்காரர்.

தப்பு என்னுடையதுதான் மகளே. நீ வேலை பார்க்கும் அறக்கட்டளையிடம் நம் கல்லூரி விதைக்கூடத்துக்கு மூன்றாவது முறையாக மானியம் கேட்டோம் அல்லவா, இந்த வருடம் புதிதாக ஒரு படிவம் வந்தது, அறக்கட்டளையில் வேலை செய்பவர் யாராவது உங்களுக்கு உறவா, ஆம் என்றால் என்ன உறவு என்று. திட்டத்தில் கையெழுத்துப் போடும் பதினான்கு பேருக்கும் படிவத்தைக் கொடுத்துவிட்டு வங்கி வேலையாகக் கசாமாவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் அழகாக அடுக்கி வைத்திருந்தது. வெங்காயம் வாங்கிய ரசீதைக்கூட மூன்று முறை பார்க்கிற நான், கடைசி நாள் என்ற அவசரத்தில் இதைப் பார்க்காமல் அனுப்பினேன். பதினொரு பேர் உன் பெயரைப் போட்டிருக்கிறார்கள்! உன் அப்பா போய்ச் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது, படிவத்தில் உனக்கு மூன்று அப்பா, என்னையும் சேர்த்து நான்கு அம்மா, மிச்சம் மாமாவும் அத்தையும். கல்லூரி முதல்வர் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று டிரைவர் சாம்பாவைக் கேட்டேன். "இல்லைன்னு எழுதினா பொய்யாயிடுமே, நீங்கதானே மானிய விஷயத்துல பொய் கூடாதுன்னு எங்க காதை அறுப்பீங்க" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் எழுதியதில் பொய் இல்லை. முதல் மானியத்துக்கு நான் விண்ணப்பம் எழுதியபோது உனக்கு நான்கு வயது. பழைய செய்தித்தாளில் சோப்பு சுற்றி வந்தது, அதில்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். கல்லூரிக்கே ஒரு தட்டச்சு இயந்திரம், அதுவும் நாலு மணிக்கு மேல்தான் என் கைக்கு வரும். பட்ஜெட்டில் ஒரு எண் மாறினால் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும், நீ மேசைக்கு அடியில் கார்பன் தாளைத் தடவி முகமெல்லாம் நீலமாக உட்கார்ந்திருப்பாய். கல்லூரிச் சமையலறையிலிருந்து சமையற்காரி கட்டோங்கோ வந்து "புள்ளைக்கு யாரு சோறு போடறது, அந்த மெஷினா?" என்று என்னைத் திட்டிவிட்டு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். விண்ணப்பத்தைத் தலைநகர் லுசாக்காவுக்குக் கொண்டு போன சாம்பாவுக்கு வழியில் டயர் வெடித்தது, ஒரு மீன் லாரியை மறித்து ஏறிப் போய் அலுவலகம் மூடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் கொடுத்தார். கவரெல்லாம் மீன் நாற்றம், ஆனாலும் கிடைத்தது. கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை, தனி வங்கிக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை, ரசீது கொடுக்கத் தெரியாத சந்தைப் பெண்களிடம் நோட்டில் கைரேகை, வாங்கிய நுண்ணோக்கிகளின் முதுகில் எண். உனக்கு மலேரியா வந்தபோது நான் லுசாக்காவில் அறிக்கைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். மிஷன் ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தோளில் போட்டு ஓடியது சாம்பா, மூன்று நாள் தூங்காமல் பக்கத்தில் இருந்தது கட்டோங்கோ. நான் கல்லூரியை வளர்த்தேன், உன்னை அவர்கள் வளர்த்தார்கள், இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது.

இப்போது உன் மேலதிகாரி கேட்டிருப்பது, அந்தப் பதினொரு பெயருக்கும் எதிரே ரத்த உறவா இல்லையா என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவார்களாம், விதைக்கூடத்தை மூட வேண்டியதுதான், நாற்பது பிள்ளைகளின் செய்முறைப் படிப்பு நின்றுவிடும். நீயோ "அப்படி எழுத என் கை வராதும்மா, வேலையை விட்டுடறேன்" என்கிறாய். வேண்டாம் லோம்பே. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அடுத்தவர் பணத்தைக் கொடுக்கிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். என் பெயருக்கு எதிரே ஆம் என்று எழுது, பத்துப் பேருக்கு இல்லை என்று எழுது. உறவு இருப்பதால் திட்டத் தலைமையிலிருந்து நான் விலகி, முதல்வரைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டேன். எப்படியும் டிசம்பரில் ஓய்வுதானே. நம் விண்ணப்பத்தை நீ படிக்காதே, யாரிடமும் ஒரு வார்த்தை பரிந்து பேசாதே.

பத்துப் பேரிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். சாம்பா "எழுதட்டும், காகிதத்துல இல்லைன்னா தூக்கிட்டு ஓடின தோள் இல்லைன்னு ஆயிடுமா" என்று சொல்லிவிட்டு வண்டி துடைக்கப் போனார். கட்டோங்கோதான் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, நிஷிமாக் களித் தட்டை என் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டுப் போவாள். இன்று நான் இந்தக் கடிதத்தை எழுதுவதைப் பார்த்ததும் வந்து பக்கத்தில் நின்றாள். உன் அம்மாவாக நான் கேட்பது இந்த ஒன்றுதான், மறந்துவிடாதே, அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "லோம்பே அம்மா, என் பேரைக் கடைசியா எழுதச் சொல்லுங்க. மத்தவங்க பேரை எழுதி முடிக்கிற வரைக்குமாவது நான் அவளுக்கு அம்மாவா இருந்துக்கறேன்."

கடவுள் உன் கையைத் திடமாக வைக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னைப் பெற்றவள்,
லோம்பே அம்மா