மூன்று கட்டத்தில் ஒரு வண்டு

இன்று ஆபீசுக்குப் புதிதாகக் கட்டிய வரைபடத் தொகுதிகள் வந்தன. பிரித்ததும் பசையும், பூச்சி அரிக்காமல் அதில் போடும் மயில்துத்தமும் கலந்த அந்த வாடை. உன் கை வாடை. அப்புறம் வேலை ஓடவில்லை. எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்று தெரியும்.

நான் கிண்டியில் இன்ஜினீயரிங் படித்தவன். நீ ஐந்தாவதோடு நின்று திருவல்லிக்கேணியில் புத்தகம் பைண்டு செய்தவன். ஆனால் ஞாயிறுதோறும் ஓட்டல் மேஜையில் வாரப்பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியை விரித்தால், நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பேன். நீ எழுதிக்கொண்டே போவாய். தைக்கிற தாளையெல்லாம் படித்துவிடுகிற ஆள் நீ. எனக்கு வயிறு எரியும்.

எல்லாம் சரியாகப் போட்டவர்களின் பெயரை அச்சிடுவார்கள். உனக்கு அது ஒன்றுதான் ஆசை. "ஊர் புஸ்தகத்துக்கெல்லாம் அட்டை போடறேன். உள்ள நம்ம பேரு ஒரு தபா வரக்கூடாதா?" என்பாய்.

அந்த வாரம் ஒரு குறிப்புதான் மிச்சம்: 'மலர்தோறும் விருந்து, பேச்செல்லாம் பாட்டு.' மூன்று கட்டம். குறுக்கே வெட்டும் சொல்லும் இல்லை.

"ஞிமிறு," என்றாய். "வண்டுப்பா. போன மாசம் தைச்ச புஸ்தகத்துல பாத்தேன்."

"அப்படி ஒரு சொல்லே கிடையாது. தும்பின்னு போடு."

"நெசமாவா?"

"படிச்சவன் சொல்றேன்ல?"

அழித்தாய். தும்பி என்று எழுதினாய். போகிற வழியிலேயே தபாலில் போட்டாய்.

மறுநாள் நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். இருந்தது. வண்டு என்றே போட்டிருந்தது. கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள்; நீ வேறொரு கூப்பன் அனுப்ப நேரம் இருந்தது. உன்னிடம் ஓடி வந்து சொல்லியிருக்கலாம். அதுவரை அனுப்பாமல் வைத்திருந்த என் கூப்பனில் ஞிமிறு என்று எழுதி அனுப்பினேன்.

பெயர் வந்தது. என் பெயர், பக்கத்தில் மயிலாப்பூர் என்று. இரண்டு ஞாயிறு உன் கண்ணில் படாமல் திரிந்தேன். மூன்றாவது ஞாயிறு நீயே பத்திரிகையோடு என்னைத் தேடிப் பிடித்து ஓட்டலுக்கு இழுத்துப் போனாய். ஓட்டல்காரரிடம் நீட்டினாய்: "பாத்தியா நைனா, நம்மாளு பேரு!" பிறகு என் பக்கம் குனிந்து, "வார்த்தை கீதுன்னு சொன்னேன்ல?" என்றாய். அவ்வளவுதான். நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். "வுடு. இந்த வாரத்துது இன்னா, எடு," என்று சிரித்தாய்.

மன்னிப்புக் கேட்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் உன்னைக் கொண்டுபோன டைபாய்டு நாள் பார்க்கவில்லை.

இப்போது சொந்தமாக அகராதி வைத்திருக்கிறேன். உன் சொற்களின் மேல் இருந்த பொறாமை ஆறிவிட்டது. அந்தச் சிரிப்பின் மேல் இருப்பது ஆறவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அங்கேயே சட்டையைப் பிடித்திருப்பேன். நீ இரண்டு டீ சொன்னாய்.