எழுபத்து மூன்றால் வகுபட்ட எண்

மதிப்பிற்குரிய என் கணவருக்கு வணக்கம். இங்கு நான் நலம். உங்கள் முதுகுவலியும் மகளின் இருமலும் தணிந்தனவா என்று அறிய விழைகிறேன்.

சலவைக்கூடத்தில் எனக்களித்த பணியாளர் அட்டையின் எண் 10001, எதனாலும் வகுபடாத பகா எண் என்றும், நூறு வரையிலான பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்த்தேன் என்றும் சென்ற கடிதத்தில் பெருமையுடன் எழுதியிருந்தேன். நேற்று இஸ்திரி போடும் பெண்ணிடமும் அதையே சொன்னேன். அவள் துணிச்சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டாள்.

"அக்கா, எழுபத்தி மூணால வகுத்தீங்களா? மீதியே இல்லாம போகுது. உங்க பகா எண்ணு பல்லை இளிக்குது!"

அங்கிருந்த எல்லோருடனும் நானும் சிரித்தேன். உண்மையில், எழுபத்தொன்று வரை வகுத்தபோது வேலைமணி அடித்தது. அத்தோடு நிறுத்திவிட்டு, முடித்ததாக உங்களுக்கு எழுதினேன். பிழையைவிட அந்தப் பொய்யே என்னைக் கூசச் செய்கிறது. மகள் வகுப்பில் சொல்லியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். தவறு அம்மாவுடையது என்றே சொல்லட்டும்.

அதற்குப் பதிலாக, அதன் அருகிலுள்ள 10007-ஐ இம்முறை தொண்ணூற்றேழு வரை விடாமல் வகுத்தேன், எதனாலும் வகுபடவில்லை. ஆயினும் என் சொல்லை நம்ப வேண்டாம். நீங்கள் இருவரும் வகுத்துப் பார்த்து, அந்தத் தாளையே அனுப்புங்கள். தொலைபேசியில் "சரி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கையெழுத்தைக் கண்டு ஏழு மாதமாகிறது.

இயந்திரம் நின்றுவிட்டது, விரைகிறேன்.

உங்கள் மனைவி