இறங்கிக்கொண்டிருந்த மட்டக்குறி

நண்பனே,

இன்று காலை புக்கிட் மேராவில், புதிய அடுக்குமாடி வீடுகளுக்காக மண் துளைக்கும் இடத்துக்குப் போயிருந்தேன். சோதனைக்காகக் களிமண்ணோடு வெளியே எடுத்த இரும்புக் குழாய்களின் வாயை, ஈரம் போகாதிருக்க, உருக்கிய மெழுகால் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை எழுந்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. காட்டிய தாளில் கையெழுத்திட்டுவிட்டு வண்டியில் ஏறினேன். எங்கே போக வேண்டும் என்று ஓட்டுநர் இரண்டு முறை கேட்ட பிறகே பதில் சொன்னேன்.

அதே மெழுகைத்தான் நீ அந்நாளில் ஃபேரர் பார்க் வீட்டுச் சமையலறையில் உருக்குவாய். உன் மனைவி என்னிடம்தான் முறையிட்டார். "அண்ணே, குழம்புச் சட்டிய எடுத்துட்டாரு. நேத்து மீன் குழம்புல மெழுகு மிதந்துச்சு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு." நான் சொன்னேன். நீ புதுச் சட்டி ஒன்று வாங்கி வந்து, அதைக் களிமண்ணுக்கு வைத்துக்கொண்டு, பழையதை அவரிடமே திருப்பிக் கொடுத்தாய். பழைய சட்டியில் உப்பு ஊறியிருக்கிறது, சோதனை கெட்டுவிடும் என்றாய். அவர் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

இந்தத் தீவுக்குச் சுயாட்சி வந்த மறு ஆண்டு, நாற்பத்து நான்கு வயதில், பொறியியலில் ஆய்வு முதுகலைப் பட்டத்துக்குப் பகுதிநேர மாணவனாகப் பதிந்தாய். நாம் இருவரும் ஒரே அரசாங்க அலுவலகத்தின் பொறியாளர்கள். பதவி உயர்வுக்கு அந்தப் பட்டம் தேவையில்லை. உனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது: காலாங் சதுப்பில் மண் கொட்டி மேடாக்கிய நிலம் எத்தனை ஆண்டுகள் இறங்கிக்கொண்டே இருக்கும்? தேநீர் வேளையில் கேலி செய்தார்கள். "மகனுக்கும் பரீட்சை, அப்பாவுக்கும் பரீட்சை. ரெண்டு பேருக்கும் ஒரே மேசையா?" நீ சிரித்தாய். "மேசை அவனுக்கு. எனக்குத் தரைதான்லா."

ஞாயிறுதோறும் நீ தேவாலயப் பூசை முடிந்து நேரே காலாங்குக்கு வருவாய். நிலத்தில் நீ பதித்த பன்னிரண்டு இரும்புத் தட்டுகளின் மேல் ஒவ்வொன்றாக நான் அளவுகோலைப் பிடிப்பேன். நீ மட்டக்கருவியில் பார்த்து எழுதுவாய். எல்லா அளவுகளுக்கும் ஆதாரம், வாய்க்கால் பாலத்தின் சுவரில் அலுவலகம் பதித்திருந்த, உயரம் காட்டும் வெண்கல மட்டக்குறி. அதன் உயரம் அலுவலகப் பதிவேட்டில் இருந்தது. அதைப் பயன்படுத்த நம் மேலாளர் எழுத்தில் அனுமதி தந்திருந்தார். மூன்று ஆண்டுகள் அதை நம்பினோம்.

பன்னிரண்டாவது தட்டு, கொட்டிய மண்ணுக்கு வெளியே, ஓரத்தில் இருந்தது. அது அசையக் கூடாது. ஆனால் உன் ஏட்டில் அது மெல்ல உயர்ந்துகொண்டே வந்தது. கருவியில் பழுது என்றேன் நான். கண்ணில் பழுது என்றுகூடச் சொன்னேன். நீ குடையை மடித்துவிட்டு வெகுநேரம் பாலத்தையே பார்த்தாய். "மண்ணு சும்மா ஏறாதுப்பா. நாம நம்புன சுவருதான் இறங்குது."

அடுத்த ஞாயிறு, தொலைதூரக் குன்றில், இறங்காத பாறைமேல் பதித்த மட்டக்குறியிலிருந்து அடி அடியாக அளந்து பாலத்துக்கு வந்தோம். சுவர் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. அது எப்போது இறங்கியது என்பதுதான் தெரியவில்லை. முதல் ஆண்டிலா, கடைசி ஆண்டிலா? அது தெரியாமல் உன் அளவுகள் ஒன்றையும் திருத்த முடியாது. பன்னிரண்டாவது தட்டை வைத்துத் திருத்தலாமே என்றேன்; அது அசையவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டாய். அந்த மூன்று அங்குலத்தை மூன்று ஆண்டுகளுக்கும் சமமாகப் பிரித்துப் போட்டுவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்றார் உன் ஆய்வு வழிகாட்டி. நீ மறுத்தாய். பாலத்தின் பழைய அளவுகள் இருந்தால் தருமாறு மேலாளருக்கு இரண்டு முறை எழுதினாய். அப்படி எந்தப் பதிவும் இல்லை என்று இரண்டு முறையும் ஒரே வாசகத்தில் பதில் வந்தது. நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி ஆய்வேட்டோடு சேர்த்தாய். ஆதாரமே ஆட்டம் கண்டது என்று தேர்வாளர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

பாறையிலிருந்து அளந்து, முதலிலிருந்து தொடங்கினாய். எட்டாம் மாதம், அலுவலகப் படிக்கட்டில், உன் இதயம் நின்றது. நாற்பத்தெட்டு வயது. அடக்கத்துக்கு மேலாளர் பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தார். அதைத் தூக்கிச் சென்று வைத்தவன் நான்.

சென்ற ஆண்டு அவர் ஓய்வுபெற்றார். அந்த அறை எனக்கு வந்தது. இரும்புப் பெட்டியின் அடித்தட்டில் அந்தப் பாலத்தின் கோப்பு இருந்தது. பாலம் விரிசல் கண்டு இறங்குவதைப் பற்றி, அதைக் கட்டிய ஒப்பந்தக்காரரோடு வழக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுவரை அளந்து எழுதிய தாள்கள், மூன்று ஆண்டுகளுக்கும், ஒன்றும் விடுபடாமல். ஒவ்வொன்றிலும் மேலாளரின் கையெழுத்து. உன் அனுமதிக் கடிதத்தில் உள்ள அதே கையெழுத்து, அதே பச்சை மை.

அவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். காப்பி கொடுத்தார். பாலத்தின் கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் திறக்கவில்லை. "கோர்ட்டுல இருந்த விஷயம். சீல் வச்ச ஃபைல். அவர் கேட்டது சொந்தப் படிப்புக்குத்தானே, ஆபீஸ் வேலைக்கா?" என்றார். பிறகு, "நல்ல மனுசன், பாவம்" என்றார். நான் காப்பியைக் குடித்து முடித்தேன். நன்றி சொன்னேன். அந்த நன்றிக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த அளவுகளைக் கொண்டு உன் ஏட்டைத் திருத்த எனக்கு நான்கு ஞாயிறுகள் ஆயின. பதினொரு தட்டுகளும் நீ எதிர்பார்த்த வளைகோட்டிலேயே இறங்கியிருக்கின்றன. ஓரத்துத் தட்டு மூன்று ஆண்டுகளும் அசையவில்லை. நீ எழுதிய ஒவ்வோர் எண்ணும் சரி.

திருத்திய ஆய்வேட்டையும் கோப்பின் நகலையும் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப் போனேன். திருத்தங்களில் ஆய்வாளர்தான் கையெழுத்திட வேண்டும் என்றார் அங்கிருந்த அதிகாரி. ஆய்வாளர் இறந்துவிட்டார் என்றேன். அப்படியானால் பதிவு காலாவதியாகிவிட்டது என்று, மிகுந்த மரியாதையோடு, விதியைக் காட்டினார். உன் மனைவியிடம் சொன்னபோது அவர் அழவில்லை. "அவருக்குத் தெரியாமலே போச்சே, அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

நான் அழவுமில்லை, கத்தவுமில்லை. உன் பட்டத்தைக் கேட்டுத் துணைவேந்தருக்கு மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறேன். மூன்றும் ஒரே வாசகம், ஒரே இணைப்புகள். ஆவன செய்யப்படும் என்று இரண்டுக்குப் பதில் வந்தது; மூன்றாவதற்கு அதுவும் இல்லை. நான்காவதை நாளை தட்டெழுதக் கொடுப்பேன். நான் ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை அரசாங்கத் தாளில் எழுதுவேன். அதன் பிறகு என் சொந்தத் தாளில்.