மொட்டைத்தலைக்கு யார் பெயர்

மார்ச் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

நேற்று மாலை நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர்: மலைநடைக் கழகத்தின் தலைவர் தபால்காரர், அவர் மனைவி, போட்டோ ஸ்டுடியோக்காரர், பல் டாக்டரம்மா, இப்போது கழகச் செயலாளராக இருக்கும் என் பெரியவன், நான். ஏழாவது நாற்காலியில் உன் அண்ணாவின் படத்தை வைத்திருந்தார்கள். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கடவுள் கிருபையில் எல்லாரும் சுகம். போனில் சொல்லலாம்தான். போனில் நீ வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நில அளவை அலுவலகம் புது வரைபடம் போடுகிறதாம். இதுவரை எண் மட்டும் இருந்த மூன்று மலைகளுக்குக் கழகத்தின் ஆரம்பகால ஆட்களின் பெயரை வைக்கச் சம்மதித்துவிட்டார்கள். இரண்டு மலைக்கு முடிவாகிவிட்டது. மூன்றாவது, நாம் மொட்டைத்தலை என்று சொல்கிற மலை. அதற்கு உன் அண்ணாவின் பெயர். முதலில் உச்சியைத் தொட்டவர் அவர்தானே என்று ஆறு பேரில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். நான் காபி கொண்டுவரும் சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

ஆதாரமாக நடைப் பதிவேட்டைக் கேட்கிறார்கள். யார் மலைக்குப் போனாலும் பெயர்ப் பட்டியலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவதும், இறங்கியதும் பஸ் நிலையத்திலிருந்து போன் செய்வதும், நான் பெயருக்கு எதிரே நேரத்தைக் குறிப்பதும் முப்பத்தோரு வருஷப் பழக்கம். ஆறு மணிக்குள் குறி விழாத பெயர் இருந்தால் வனத்துறைக்கு நான்தான் சொல்ல வேண்டும். நீயும் அண்ணாவும் மட்டும் போன அந்த நாளின் பக்கத்தில், "உச்சி தொட்டவர்" என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. "இது உண்மைப் பதிவு" என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம். ஏப்ரல் முப்பது கடைசி நாள்.

உச்சி தொட்டது நீ. அவர் கணுக்கால் பிசகிப் பாதி வழிப் பாறையில் உட்கார்ந்திருந்தார். அப்போது உனக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம். பெண் ஒற்றையாகப் பாறை ஏறினாள் என்று அந்த வீட்டுக்குத் தெரிந்தால் பேச்சு முறியும் என்று உன் அண்ணா சொன்னார். நான் எழுதினேன். இப்போது அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான் என்ன செய்ய? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் அண்ணி

*

மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. வார்டில் இரண்டு ஷிப்டுக்கு நடுவில் படித்தேன். மொட்டைத்தலைக்கு அண்ணா பெயர் என்றதும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் தலையைப் பார்த்தவர்கள் பொருத்தமில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

அதற்கு அடுத்த வரிகளைப் படித்த பிறகு சிரிக்கவில்லை.

அண்ணாவா சொன்னார்? அன்று நான் அடுப்படி வாசலில் வெந்நீர் பேசினோடு நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணா பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "என் பேர் எதுக்கு? ஏறினது அவ. அடிச்சுட்டு மாத்து" என்றார். நீங்கள், "எழுதிட்டேன், விடுங்க. அவ கல்யாணத்தை நினைச்சுப் பாருங்க" என்றீர்கள். அவர் இன்னொரு தடவையும் கேட்டார். நீங்கள் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டீர்கள்.

அந்த வரனும் நிலைக்கவில்லை. மாப்பிள்ளையைவிட நான் இரண்டு அங்குலம் உயரம் என்று விட்டுப்போனார்கள். மலையால் அல்ல.

பெயர் போனது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் திருப்பிப் பேச வாயில்லாத மனிதர் மேல் அதைத் தூக்கிப் போடுகிறீர்களே, அதுதான் தாங்கவில்லை. என்னிடம் அனுமதி கேட்காதீர்கள். நான் கொடுத்தால் அந்தப் பொய் என்னுடையதாகிவிடும்.

சின்னவள்

*

மார்ச் 24

அன்புள்ள சின்னவளுக்கு,

மூன்று நாள் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்று காலை பிரார்த்தனை முடித்த கையோடு எழுதுகிறேன், அப்போதுதான் சுற்றி வளைக்க மாட்டேன்.

நீ சொன்னது சரி. நீ பஸ் நிலையத்திலிருந்து போன் செய்தது நாலு நாற்பதுக்கு. "அண்ணி, நான் மட்டும் மேலே போய்ட்டு வந்துட்டேன்" என்றாய். உனக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. ரிசீவரை வைத்த கையால் அவர் பெயரை எழுதினேன். நீங்கள் இரண்டு பேரும் வீடு வந்து சேர்வதற்கு முன்பே எழுதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கழகத்தில் அந்தப் பக்கத்தை வாசிப்பார்களே என்ற பயம். அது உண்மை.

அவர் மாற்றச் சொன்னபோது ஏன் மாற்றவில்லை என்பதுதான் பெரிய வெட்கம். அது உன் கல்யாணத்துக்காக அல்ல. அந்தப் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. பள்ளிக்கூடம் பார்க்காத பெண் எழுதியதா இது என்று வனத்துறை அதிகாரியே ஒரு தடவை கேட்டிருக்கிறார். அந்தப் பெருமையில் ஒரு கோடு போட எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் அவர் சொன்னார் என்று நானே எனக்குச் சொல்லிச் சொல்லி, நம்பியும்விட்டேன். கூட்டத்தில் யாராவது அந்தக் கதையை எடுத்தால் உன் அண்ணா தண்ணீர் கேனைப் பார்க்க எழுந்து போவார். அடக்கமான மனிதர் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன்.

பெரியவனிடம் சொல்லிவிட்டேன். "மலைக்குப் பேர்ப் பலகை ஆர்டர் குடுத்தாச்சும்மா. இத்தனை வருஷம் வாயைத் தைச்சுக்கிட்டு இருந்துட்டு இப்ப எதுக்கு?" என்றான். அப்பா அடுத்தவள் பெருமையைத் திருடினார் என்றுதானே ஊர் பேசும் என்று கேட்டான். சாப்பிடாமல் போனவன் நான்கு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை.

உன் அண்ணி

*

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

பெரியவனுக்குப் போன் செய்து திட்டினேன். சாப்பாட்டு நேரத்துக்கு வருவான்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணா என்னோடு போன் பேசும்போதெல்லாம், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சொல்லிடட்டுமா?" என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் நான்தான் தடுத்தேன். "அண்ணி எழுதுனது பொய்யின்னு ஆயிடும்ணா. அவங்க முகத்தை நினைச்சுப் பாருங்க" என்பேன். சரி என்று வைத்துவிடுவார். ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் கேட்டார். உங்களைக் காப்பாற்றத்தான் நாங்கள் இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.

எனக்கு மலை வேண்டாம், பலகையும் வேண்டாம். ஆனால் கழகத்தில் பேசுவதாக இருந்தால் முழுசாகப் பேசுங்கள். அண்ணா வேண்டாமென்று இரண்டு தடவை சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதி சொன்னால் அவர் திருடராகிவிடுவார். அதற்கு நீங்கள் பேசாமலே இருக்கலாம்.

சின்னவள்

*

ஏப்ரல் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

முழுசாகச் சொல்லிவிட்டேன். நேற்று, கழகக் கூட்டத்தில், நின்றுகொண்டு. போனில் நீ சொன்னது, நான் எழுதியது, அவர் இரண்டு தடவை தடுத்தது, அதற்குப் பிறகும் நான் பதிவேட்டை மூடியது. அவர் உன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்ததையும் சொன்னேன். டாக்டரம்மா தண்ணீர் கொடுத்தார். அப்புறம் எல்லார் முன்னாலும் அவர் பெயரில் கோடு போட்டு, உன் பெயரை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

யாரும் உன் அண்ணாவை ஒரு சொல் சொல்லவில்லை. ஸ்டுடியோக்காரர் அவர் படத்தை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்து வைத்தார். என்னைத்தான் பார்த்தார்கள். தபால்காரர், "இந்த நோட்டை நம்பித்தானேம்மா எங்க வீட்டுப் பொம்பளைங்க நிம்மதியா இருந்தாங்க. இதுல வேற எங்க இப்படி இருக்கு?" என்றார். வேறெங்கும் இல்லை, கடவுள் சாட்சி என்றேன். நம்பினாரா என்று தெரியாது. இந்த ஞாயிறு முதல் பதிவேடு டாக்டரம்மா வீட்டில் இருக்கும், போனும் அங்கேதான் வரும். நியாயம்தான். ஆனாலும் நாலு மணி ஆனால் காது தானாகப் போனுக்குப் போகிறது.

பெரியவன் என்னோடு வீடுவரை நடந்து வந்தான். வாசலில், "அத்தை பேரையே வைக்கலாம்னு நான்தான்மா சொன்னேன்" என்றான். நான் முகம் கழுவ வெளியே போயிருந்தபோது தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

மலை வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். அதையும் அவனிடம் சொன்னேன். உயிரோடு இருப்பவரின் பெயரை வைக்க அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது நில அளவை அலுவலகத்தின் விதியாம். இல்லாவிட்டால் எண்ணே இருந்துவிடும். முப்பதாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள். எனக்காக ஒப்புக்கொள்ள வேண்டாம், எனக்காக மறுக்கவும் வேண்டாம். இதுவரை எனக்காகச் செய்ததே அதிகம்.

சம்மதமா இல்லையா என்று கழகத்துக்கு ஒரு தாளில் எழுது. இனி இந்த வீட்டுக்கு வருவாயா, என்னோடு பேசுவாயா என்று எனக்குத் தனியாக ஒரு தாளில் எழுது. எதுவானாலும் சரி, சீக்கிரம் பதில் போடு.

உன் அண்ணி